பொலிஷ் பூசிய பாலைவனம்

காக்கா,

இன்று காலையில் மருமகன் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டான். மண்ணிறப் பொலிஷ். குசினி மேசையில் பழைய பேப்பரை விரித்து, என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்திலேயே டப்பாவைத் திறந்தான். மணம் மூக்கில் அடித்தது. எழும்பிப் போய், வாயிலிருந்த தேத்தண்ணியைத் தொட்டியில் துப்பினேன். யன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றேன்.

"என்ன மாமா, ஏலாமல் கிடக்கோ?"

"முதல்லை அந்த டப்பாவை மூடு."

குளிர்கால விடுமுறைக்கு அவர்கள் குடும்பமாக ஒரு பாலைவன ஊருக்குப் போகிறார்களாம். அதற்குத்தான் இந்தச் சப்பாத்துச் சோடனை. மகள் விளம்பரத் தாளை எடுத்து எனக்கு வாசித்துக் காட்டினாள். சிவப்புக் கல் மலை, ஒட்டகச் சவாரி, கூடாரத்துக்குள் சாப்பாடு, நெருப்பைச் சுற்றியிருந்து பாட்டு. "அந்த ஊர்ச் சனத்தின்ரை வாழ்க்கையைக் கிட்ட நிண்டு பாக்கலாம் எண்டும் போட்டிருக்கு அப்பா. குளிர்காலம்தானாம் போக நல்ல காலம். நீங்களும் வாங்கோவன்."

"நான் அங்கை இருந்திட்டன் பிள்ளை."

"நீங்கள் எப்ப அரபு நாட்டுக்குப் போனனீங்கள்?"

"அரபு நாடு இல்லை. இந்த ஜேர்மனியிலைதான்."

அவள் சிரித்தாள். வயதுபோனவர் உளறுகிறார் என்று நினைத்திருப்பாள். பிறகு நான் சொல்லச் சொல்லச் சிரிப்பு நின்றுவிட்டது. "இதை எழுதி வைப்பம் அப்பா" என்றாள். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். காக்கா என்றால் முஸ்லிம் ஆட்களுக்கு அண்ணன், அவருக்குப் போகிற மடல், மரியாதையான தமிழில் எழுது என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் மண்ணுக்குள் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்தப் பொலிஷ் மணத்தை என்னோடு சேர்ந்து அருவருக்க உங்களைத் தவிர எனக்கு வேறு ஆளில்லை.

நாங்கள் ஒரே கப்பலில் வந்தவர்கள். மன்னார்ப் பக்கத்து முஸ்லிம் நீங்கள், கப்பலின் சமையல்காரர். வல்வெட்டித்துறைப் பக்கத்துச் சைவக்காரன் நான், தளத்தில் கயிறு இழுக்கிறவன். ஹம்பேர்க் துறைமுகத்தில் கப்பலை விற்றுவிட்டு எங்களை நடுத்தெருவில் விட்டார்கள். அறுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் அங்கே மாலுமிகள் விடுதியில் விறைத்துக்கொண்டு கிடந்தபோதுதான் ஓர் ஆள் வந்து, தெற்கே ஒரு ஹொட்டேலுக்குக் கறுத்த ஆட்கள் தேவை என்றான். கறுத்த ஆட்களுக்கு என்ன வேலை என்று நாங்கள் கேட்கவில்லை. கோப்பை கழுவுகிற வேலை என்றே நினைத்தோம்.

பிரான்ஸ் எல்லைக்குக் கிட்ட, காட்டுக்குள் ஒரு சின்ன ஊர் அது. மரங்களுக்கு மேலால் பெரிய பெரிய சிவப்புக் கல் பாறைகள், கூரை பறந்துபோன கோபுரங்கள் போல நிமிர்ந்து நின்றன. கோடையில் பாறை ஏறவும் படம் எடுக்கவும் ஆட்கள் வருவார்கள். குளிர்காலத்தில் ஒரு குருவியும் எட்டிப் பார்க்காது. ஹொட்டேல் முதலாளிக்கு அது பெரிய துக்கம். அவருடைய முகம் எந்த நேரமும் சிவந்து மினுங்குவதால் நீங்கள் அவருக்குத் தக்காளி என்று பெயர் வைத்தீர்கள். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் தக்காளி ஆபிரிக்காப் பாலைவனத்தில் நின்றவர். சிவப்புப் பாறையைப் பார்த்துப் பார்த்து அவர் மூளையில் ஒரு யோசனை முளைத்தது. குளிர்காலத்தில் இந்த ஊரையே பாலைவனமாக்கி, ஜேர்மன்காரரைப் பஸ்ஸில் இறக்குவது.

அந்த அரியண்டத்தை முதல்நாள் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பெரிய பாறையின் அடியில், ஆற்றிலிருந்து லொறி லொறியாக மஞ்சள் மணல் அள்ளிக் கொட்டியிருந்தார்கள். அதன் நடுவே கறுப்புக் கூடாரம். உடைந்துபோன சர்க்கஸ் ஒன்றிலிருந்து வாங்கிய ஒட்டகம் ஒன்று, மயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்து, வாயில் நுரை வழிய நின்றது. தான் நின்ற மணலிலேயே மூத்திரம் பெய்து, அதிலேயே படுத்து எழும்புகிற பிராணி. அதன் கயிற்றை என் கையில் தந்தார் தக்காளி. இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு நீள வெள்ளைச் சட்டை, தலைக்குத் துணி.

காலையில் எழும்பியதும் எனக்கு முதல் வேலை என்ன தெரியுமா என்று மகளிடம் கேட்டேன். தெரியாது என்றாள். ஏணி வைத்து ஏறி, தும்புத்தடியால் பாறையில் கிடக்கிற பனியைக் கூட்டித் தள்ளுவது! பாலைவனத்தில் பனி இருக்கக்கூடாதாம். பாறை சிவப்பாகவே தெரிய வேண்டுமாம். நான் மேலே கூட்டக் கூட்ட வானத்திலிருந்து கொட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் கீழே நின்று சிரிப்பீர்கள்.

"தம்பி, வானத்துக்கும் ஒரு தும்புத்தடி வாங்கித் தரச் சொல்லு."

உங்கள் சிரிப்பு அந்த முதல் கிழமையோடு முடிந்துபோனது.

அந்தக் கிழமையே, உங்கள் நிறம் போதாது என்று தக்காளி சொன்னார். நீங்கள் எலுமிச்சம்பழ நிறம். பாலைவனத்து அரபுக்காரன் என்று பஸ்ஸில் வருகிற சனம் நம்பாதாம். ஒரு டப்பா சப்பாத்துப் பொலிஷைக் கொண்டுவந்து, தன் கையாலேயே உங்கள் கன்னத்தில் தொட்டுப் பார்த்தார், சுவருக்குச் சாயம் பார்க்கிற மாதிரி. என்னைப் பார்த்து, இவனுக்குத் தேவையில்லை என்று கையை ஆட்டினார்.

"தம்பிக்கு ஆண்டவனே பூசி அனுப்பிட்டான்" என்றீர்கள் நீங்கள். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம். முகம், முழங்கை வரைக்கும் கை, கணுக்கால் வரைக்கும் கால். வெளியே தெரிகிற இடமெல்லாம் மண்ணிறம். பூசி முடித்த பிறகு உங்கள் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்: "தம்பி, தொழ முன்னம் எந்தெந்த இடம் கழுவவேணுமோ, அந்தந்த இடத்திலை இந்த ஆள் பூசியிருக்கிறான்."

எனக்கு அதன் அர்த்தம் பிறகுதான் விளங்கியது. பொலிஷ் மெழுகு. அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் வழுகி ஓடும், தோலில் படாது. தோலில் தண்ணீர் படாவிட்டால் அந்தக் கழுவல், நீங்கள் சொல்கிற ஒளு, இல்லை. ஒளு இல்லாவிட்டால் தொழுகை இல்லை. அதனால் ஒவ்வொரு நாளும் பஸ் போன பிறகு, ஒட்டகக் கொட்டிலுக்குப் பின்னால் வைக்கோல் போடுகிற அறையில், சாம்பலும் சவர்க்காரமும் போட்டு நீங்கள் உங்களையே தேய்ப்பீர்கள். நான் குசினியிலிருந்து சுடுதண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவேன். கன்னம் தோலுரிந்து சிவந்து, கைகளில் வெடிப்பு விழுந்து கசியும். அடுத்த நாள் அந்த வெடிப்புக்குள்ளேயே திரும்பவும் பொலிஷ் போகும்.

அதையும் பொறுத்தீர்கள். பொறுக்க முடியாதது பிறகுதான் வந்தது.

வந்த சனத்துக்கு ஒட்டகம் அலுத்துவிட்டது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கூடாரத்துக்குள் போய்ச் சூடாக்கிய வைனைக் குடித்து, உதட்டில் கொழுப்பு வழியச் சொசேஜ் தின்று, வயிற்றைத் தடவிக்கொண்டு, அடுத்தது என்ன என்று பார்க்கும். ஒரு மனுசி உங்களுடைய கையைப் பிடித்து, விரலை எச்சில் தொட்டுத் தேய்த்து, நிறம் கழலுகிறதா என்று பார்த்தாள். கழன்றது. அவள் கூவிக் கூவிச் சிரித்து எல்லாருக்கும் விரலைக் காட்டினாள். நான் ஒட்டகத்தின் பக்கமாகத் திரும்பிக்கொண்டேன். அந்த ஒட்டகத்தின் வாய் நாற்றம் அந்தக் கூட்டத்தின் மணத்தை விடச் சுத்தமாக இருந்தது.

அப்போதுதான் தக்காளி கண்டுபிடித்தார், நீங்கள் தொழுகிற ஆள் என்று. ஒருநாள் வைக்கோல் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டார். மாலை எங்களைக் கூப்பிட்டு, மணலில் ஒரு பாயைப் போட்டு, "பீட்டன், பீட்டன்" என்று கையைக் காதுக்கு உயர்த்திக் காட்டினார். பீட்டன் என்றால் தொழுவது. பஸ் வந்து நிற்கிற நேரத்தில், சூரியன் பாறையில் பட்டுச் சிவக்கிற நேரத்தில், பாறையைப் பார்த்துத் தொழ வேண்டும். அப்போதுதான் படம் வடிவாக விழும். மணலை அள்ளிக் கையில் தேய்த்தும் காட்டினார். பாலைவனத்தில் மணலால் கழுவுவதை அவர் சண்டைக் காலத்தில் கண்டிருக்கிறார்.

"தண்ணியில்லாத இடத்திலைதான் மண்" என்று நீங்கள் எனக்குத் தமிழில் சொன்னீர்கள். "இஞ்சை இடுப்பளவுக்குப் பனி கிடக்கு. பனி என்ன, தண்ணிதானே. இந்த ஆளுக்கு எதை எடுத்து எதுக்குள்ளை வைக்கிறதெண்டு தெரியேல்லை."

"ஏலாது எண்டு சொல்லுங்கோ காக்கா."

நீங்கள் குனிந்து அந்தப் பாயைச் சுருட்டி எடுத்தீர்கள். மறுக்க வழியில்லை என்று எனக்கும் தெரியும். வேலை போனால் விசா போகும். விசா போனால் பொலிஸ் பிடித்துக் கப்பலேற்றிவிடும். ஊரில் உங்களை நம்பி ஒரு வீடே இருந்தது.

அன்று இரவு முழுக்க யோசித்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். "திசை பிழை. அந்தப் பாறை வடகிழக்கிலை, நான் பாக்கவேண்டியது தென்கிழக்கு. ஒளு இல்லை. வாயாலை ஒண்டும் ஓதமாட்டன். பிறகு அது தொழுகையோ? கப்பல்லை காலமை எங்களைக் குனிய நிமிர விட்டாங்களே, அதுமாதிரி உடற்பயிற்சி."

"அப்ப ஏன் காக்கா முகம் இப்பிடிக் கிடக்கு?"

"பொலிஷ் காயுது தம்பி."

அந்தக் குளிர்காலம் முழுக்க நீங்கள் உடற்பயிற்சி செய்தீர்கள். பஸ் வரும். கதவு திறக்கும். சனம் இறங்கி அரைவட்டமாக நிற்கும். நீங்கள் பாறையைப் பார்த்து நின்று, குனிந்து, நெற்றியை அந்த மூத்திர மணலில் வைப்பீர்கள். சடக், சடக், சடக் என்று கமராக்கள். சிலர் பக்கத்தில் வந்து குந்தியிருந்து உங்கள் முகத்துக்கு நேரே கமராவைப் பிடிப்பார்கள். நெற்றி நிலத்தில் இருக்கிற ஒரு மனிசனின் முகத்துக்கு நேரே! ஒருத்தன் உங்களுக்குப் பக்கத்தில் தானும் குனிந்து, பின்பக்கத்தை ஆட்டி ஆட்டிக் காட்டினான். அவனுடைய பெண்சாதி அதைப் படம் எடுத்தாள். அந்தப் படம் இன்றைக்கும் யாருடைய வீட்டு அல்பத்திலோ இருக்கும்.

மாலையில் வைக்கோல் அறைக்குள் உங்களுக்கு நேரம் எடுக்கத் தொடங்கியது. பாயில் நின்றுகொண்டே இருப்பீர்கள். கைகளை உயர்த்துவீர்கள், இறக்குவீர்கள், திரும்ப உயர்த்துவீர்கள். ஒருநாள் பாயிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் வைக்கோலில் குந்தினீர்கள்.

"தம்பி, உண்மையாக் குனிஞ்சாலும் கமராச் சத்தம் கேக்குது."

நான் உங்கள் முழங்காலில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டேன்.

"சின்ன வயசிலையிருந்து ஒருநாளும் விட்டதில்லை. கடல் கொந்தளிச்சு, அடுப்பெல்லாம் உருண்டு ஓடின நாளிலையும் விடேல்லை. இப்ப நெத்தியை வைச்சால், வடிவா வைச்சனோ எண்டு யோசிக்கிறன். வடிவா! அது ஆருக்கு வடிவு?"

கொட்டில் வாசலில் நான் காவல் நிற்பது அப்போதே பழக்கமாகிவிட்டிருந்தது. வந்த சனத்தில் சிலர் பின்பக்கமாக வந்து எட்டிப் பார்ப்பார்கள். அன்றைக்கு நீங்கள் திரும்பப் பாயில் ஏறமுன் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: "குறை நினையாதை தம்பி. நீயும் பாக்காதை. எவன் பாத்தாலும் அது காட்சியாப் போகுது."

நான் வாசலுக்குப் போய், உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் சத்தமே இல்லை. வெகுநேரத்துக்குப் பிறகு, வைக்கோல் சரசரத்தது. நெற்றி நிலத்துக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டேன். பிறகு அதுவே வழக்கமாயிற்று. ஆனாலும் பல நாள் அந்தச் சரசரப்பு வரவே இல்லை.

பிறகு அந்த நாள் வந்தது. முதல்நாள் இரவு பெரிய பனி. காலை முழுக்க நான் பாறையைக் கூட்டி, கூட்டின பனியைக் கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேடாகக் குவித்திருந்தேன். ஹொட்டேலுக்குக் கரி கொண்டுவந்த லொறி பனியில் வழுக்கி, மேட்டில் ஏற மாட்டாமல் எங்கள் மணலுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அதிலிருந்து ஓர் ஆள் இறங்கினார். மீசை, தலையில் கம்பளித் தொப்பி, முகமெல்லாம் கரி. துருக்கிக்காரர். அந்தக் காலத்தில் துருக்கிக்காரர் வேலைக்கு வரத் தொடங்கியிருந்தார்கள்.

பஸ் வந்து சனம் நின்றுவிட்டது. நீங்கள் பாயில் ஏறி, பாறையைப் பார்த்து, கையை உயர்த்திக் கட்டினீர்கள். கமராக்கள் தொடங்கின. துருக்கிக்காரர் லொறிக்குப் பக்கத்தில் நின்று உங்களையே பார்த்தார். சனத்தை அவர் பார்க்கவில்லை, கூடாரத்தைப் பார்க்கவில்லை. பாயில் ஓர் ஆள் நிற்கிறார் என்பதை மட்டும் பார்த்தார். கையிலிருந்த கரி அள்ளும் சவளை எறிந்தார். ஓடிப்போய் என் பனிமேட்டில் குந்தியிருந்து, கை, வாய், மூக்கு, முகம், முழங்கை, தலை, சப்பாத்தைக் கழற்றிக் கால் என்று அவசர அவசரமாகக் கழுவினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, உங்களுடைய வலது பக்கத்தில் அரை அடி பின்னால், வெறுங்காலோடு நின்றார். கைகளைக் காதுவரை உயர்த்தி, "அல்லாஹு அக்பர்" என்றார்.

ஒருத்தர் தொழுகிறதைக் கண்டால் வந்து சேர்ந்து நிற்பது உங்கள் வழக்கம் என்று நீங்கள் பிறகுதான் எனக்குச் சொன்னீர்கள். முன்னால் நிற்கிறவரை நம்பி நிற்பதாம். அவர் குனிந்தால் குனிவது, நிமிர்ந்தால் நிமிர்வது. அவர் பார்க்கிற திசைதான் திசை. அதுவும் நீங்கள் அரபு உடுப்பில் நிற்கிறீர்கள். அந்த மனிசன் ஏன் சந்தேகப்படப் போகிறார்?

அந்தக் குரலைக் கேட்டதும் உங்கள் முதுகு மரம் மாதிரி விறைத்ததை நான் ஒட்டகத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நீங்கள் குனியவில்லை. சனம் காத்துக்கொண்டு நின்றது. தக்காளி கூடார வாசலிலிருந்து குனி, குனி என்று கையைக் காட்டினார். நீங்கள் குனியவில்லை. உங்களுக்குப் பின்னால் ஒருத்தர் உண்மையாக நிற்கிறார். பிழையான திசையைப் பார்த்து, ஒளு இல்லாத ஆளுக்குப் பின்னால்.

நீங்கள் கைகளை அவிழ்த்தீர்கள். திரும்பி அவரைப் பார்த்துத் தலையை இல்லை என்று ஆட்டினீர்கள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேரே என் பனிமேட்டுக்குப் போனீர்கள். தக்காளி கொட்டின மணலில் ஒரு கை அள்ளினீர்கள், பனியில் ஒரு கை அள்ளினீர்கள். இரண்டையும் சேர்த்து, கப்பலில் அடிப்பிடித்த சட்டியைத் தேய்க்கிற மாதிரி உங்கள் முகத்தைத் தேய்த்தீர்கள். பிறகு கை, முழங்கை வரைக்கும். பிறகு கால். பொலிஷ் கரைந்து மண்ணிறமாக வழிந்து, வெள்ளைச் சட்டையெல்லாம் வாய்க்காலாக ஓடியது. உள்ளிருந்து உங்கள் சொந்தத் தோல் இரத்தச் சிவப்பாக வெளியே வந்தது. கடைசியில் சுத்தமான பனியை மட்டும் எடுத்து, அவசரப்படாமல், முறைப்படி முதலில் இருந்து கழுவினீர்கள்.

ஒரு கமராகூடச் சத்தம் போடவில்லை.

வந்து பாயைத் தூக்கி உதறி, தென்கிழக்குப் பக்கமாகத் திருப்பிப் போட்டீர்கள். பாறை ஒரு பக்கமாகப் போய்விட்டது. சனத்துக்கு உங்கள் முதுகுதான் தெரிந்தது. தக்காளி "நெய்ன்! நெய்ன்!" என்று கத்திக்கொண்டு வந்தார். நான் ஒட்டகத்தை இழுத்து அவருக்குக் குறுக்கே விட்டேன். அது அவருடைய கோட்டில் துப்பியது. அந்தப் பிராணி செய்த ஒரே நல்ல காரியம்.

நீங்கள் இருவரும் தொழுதீர்கள். நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன். அதனால் எனக்குத் தெரிந்தது சனத்தின் முகங்கள் மட்டும்தான். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்த முகங்களுக்கு வெட்கம் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். வாய் மூடியிருந்தது. கமராக்கள் கீழே தொங்கின.

நீங்கள் சலாம் சொல்லி முடித்து எழும்பினீர்கள். அப்போது அவர்கள் கை தட்டினார்கள் காக்கா. கையுறை போட்ட கைகளால் பொத்துப் பொத்தென்று தட்டினார்கள். முன்னைய நாட்களில் தட்டினதை விடப் பலமாக, விசில் அடித்து, "இன்னொருக்கால், இன்னொருக்கால்" என்று தட்டினார்கள். ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள். எனக்கு அவள்மேல்தான் கூடின அருவருப்பு வந்தது. ஏன் என்று அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

தக்காளி கத்துவதை எப்போதோ நிறுத்திவிட்டார். கோட்டில் எச்சில் வழிய, முகமெல்லாம் பல்லாக ஓடிவந்து உங்கள் தோளில் தட்டினார். "குட்! குட்!" இனி ஒவ்வொரு நாளும் இப்படித்தானாம். பொலிஷ் கழுவுகிறதும் வேண்டுமாம், பனியும் வேண்டுமாம், பாய் திருப்புகிறதும் வேண்டுமாம். துருக்கிக்காரரையும் விரலால் சுட்டி, இந்த ஆளும் நாளையிலிருந்து வரட்டும் என்றார்.

நீங்கள் தலைத்துணியை அவிழ்த்தீர்கள். காதுக்குப் பின்னால், நகத்துக்குள், மிச்சமிருந்த பொலிஷை எல்லாம் அதில் துடைத்தீர்கள். மடித்து, இரண்டு கையாலும் மரியாதையாகத் தக்காளியிடம் நீட்டினீர்கள்.

"இது சப்பாத்துக்குப் போடுற சாமான். சப்பாத்துக்குப் போடு" என்றீர்கள், தமிழில்.

அவர் அதைப் பரிசு என்று நினைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அதைப் பார்த்துச் சனம் திரும்பவும் தட்டியது.

நான் ஒட்டகத்தின் கயிற்றைக் கூடாரக் கம்பில் கட்டினேன். உங்கள் பையையும் என் பையையும் எடுத்துக்கொண்டு வந்தேன். விசாவைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மூன்று பேருமாக லொறிச் சில்லுக்கு அடியில் தக்காளியின் பாலைவனத்தை அள்ளிப் போட்டோம். சில்லு பிடித்துக்கொண்டது. அந்த மணலால் உலகத்தில் நடந்த உபயோகம் அவ்வளவுதான்.

லொறியின் முன் இருக்கையில் மூன்று பேரும் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். கொஞ்சத் தூரம் போனதும் நீங்கள் துருக்கிக்காரரிடம் உங்களுக்குத் தெரிந்த அரைகுறை ஜேர்மனில் சொல்லத் தொடங்கினீர்கள். முதலில் நின்றது பொய். தண்ணீர் இல்லை. திசை பிழை. இந்தக் குளிர்காலம் முழுக்க அப்படித்தான். உங்களுக்கு அழுகை வந்து சொல் நின்றுவிட்டது. அந்த மனிசன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து உங்களுக்கு முன்னால் விரித்துக் காட்டினார். ரேகைக்குள் எல்லாம் கரி.

"என்ரை கையைப் பார்" என்றார். "நான் மட்டும் என்ன, மணப்பிள்ளை மாதிரியோ வந்து நிண்டனான்?"

நீங்கள் அழுதுகொண்டே சிரித்தீர்கள். அந்தக் குளிர்காலத்தில் திரும்பவும் உங்கள் சிரிப்பைக் கேட்டது அப்போதுதான்.

அவர் வேலை செய்த கரி முற்றத்திலேயே எங்களையும் சேர்த்துவிட்டார். முற்றத்துக்காரர் நல்ல மனிசர், பொலிஸுக்கு எங்களைக் கூட்டிப்போய் விசாவும் எடுத்துத் தந்தார். எழுபதுகளின் கடைசியில் நீங்கள் ஊருக்குப் போகும்வரை ஒரே விடுதியில், அடுத்தடுத்த கட்டிலில் இருந்தோம். வெள்ளிக்கிழமைகளில் துருக்கிக்காரரோடு போய்க் கூட்டமாகத் தொழுவீர்கள். அங்கே பார்க்கிறவன் ஒருத்தனும் இல்லை, எல்லாரும் தொழுகிறவர்கள் என்பீர்கள். மற்ற நேரங்களில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவீர்கள். நான் வெளியே, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். விடுதிக்காரர் எங்களைப் பைத்தியங்கள் என்றார்கள். "உன்ரை முகத்தைவிட உன்ரை முதுகுதான் தம்பி எனக்கு வடிவு" என்று ஒருநாள் பகிடி விட்டீர்கள். கமராச் சத்தம் நின்றுவிட்டதா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. ஆனால் பின்னால் பாய் சரசரக்கிற சத்தம் நேரத்துக்கு நேரம் கேட்டது. அது எனக்குப் போதும்.

ஊருக்குப் போன வருஷமே நீங்கள் மௌத்தாகிவிட்டீர்கள் என்று செய்தி வந்தது. அன்றைக்கு நான் வெறும் அறையின் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன்.

இங்கே கோவில் திருவிழா என்றால் இப்போது எல்லாருடைய கையிலும் ஃபோன். சாமிக்கு முன்னால் ஒருத்தி கண்ணை மூடிக் கண்ணீர் விட்டால், நாலு பேர் அவளைப் படம் எடுக்கிறார்கள். காவடி எடுக்கிறவனின் முதுகுக்குள் கமராவை விடுகிறார்கள். எனக்கு அந்தப் பொலிஷ் மணம் வந்துவிடும். நான் சாமிக்கும் சனத்துக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நிற்பேன். அப்பாவுக்குச் சாமியோடு என்ன கோபமோ என்று மகள் இத்தனை வருஷமாக நினைத்திருந்தாளாம். இன்றைக்குத்தான் விளங்கியது என்கிறாள்.

விளங்கினாலும் பயணம் நிற்கவில்லை. டிக்கெட் எடுத்தாயிற்று. பொலிஷ் போட்ட சப்பாத்துகள் வாசலில் வரிசையாக இருக்கின்றன. "அங்கை ஆரும் தொழக் கண்டால் என்ன செய்யவேணும் எண்டு இவருக்கும் சொல்லிவிடுறன் அப்பா" என்கிறாள். சொல்லட்டும். அந்தச் சனத்துக்கு நடுவில் ஒரு முதுகாவது திரும்பட்டும்.

பொழுதுபட்டுவிட்டது. மகள் பேனையை வைத்துவிட்டு, சாமிப் படத்துக்கு விளக்கு வைக்கப் போக வேண்டும் என்கிறாள். போகட்டும். நான் என் கதிரையைத் திருப்பி, கதவைப் பார்க்கப் போட்டுக்கொள்ளுவேன். அவள் கும்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஒருத்தரையும் உள்ளே விடமாட்டேன், காக்கா.